காயத்தின் மணம்

மாம்புரியில் நான் பார்த்த அந்தத் தோட்டத்துக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. நடுவில் மணல்தான். கற்பிட்டிக் குடாநாட்டின் ஒடுங்கிய இந்தத் தரையில் காற்றுக்கு ஓய்வு கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எதிரே நிற்பவரின் பேச்சையே அது அள்ளிக்கொண்டு போய்விடும். ஊரில் காற்றாலைகளை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

தோட்டத்தில் நூறு மரம் வரை இருக்கும். வேலியோரம் நின்ற ஒரு தென்னம்பிள்ளை மட்டும் நோயாளியைப் போல் தெரிந்தது. நடுக்குருத்து வாடிச் சாய்ந்திருந்தது. அடிமரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. துளையின் வாயில், மென்று துப்பியது போலத் தும்பு.

“காதை வச்சுக் கேளுங்க தம்பி,” என்றார் தோட்டத்துப் பெரியவர். வைத்தேன். மரத்துக்குள் நறநறவென்று மெல்லிய சத்தம். “இப்ப மூக்கை வச்சுப் பாருங்க.”

கள்ளு மணத்தது. புளித்துப்போன கள்ளு.

உள்ளே இருந்தவை செவ்வண்டின் புழுக்கள். தமிழ்நாட்டில் இதைச் சிவப்புக் கூன்வண்டு என்பார்கள். சில மாதங்களுக்கு முன்னால் உழவு இயந்திரத்தின் பெட்டி உரசி, அந்த மரத்தின் அடி சிதைந்திருந்தது. பெரியவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. “அடிபட்டதைத்தான் அது தேடி வரும்,” என்றார்.

தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த உண்மை இது. ஆனால் காரணத்தை யோசித்தால் புதிராகத்தான் இருக்கிறது. நூறு மரம் நிற்கும் தோட்டத்தில், காயம்பட்ட அந்த ஒரு மரத்தை, பெருவிரல் அளவு கூட வராத ஒரு வண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு யார் சொல்கிறார்கள்?

சொல்வது ஒரு மிகச் சிறிய மூலக்கூறு. சாராயத்தில் இருப்பதும் அதுதான், கையில் தடவிக்கொள்ளும் கிருமிநீக்கியில் இருப்பதும் அதுதான். இலங்கைப் பாடநூல்கள் அதை எதனோல் என்கின்றன. அற்ககோல் என்ற பெருங்குடும்பத்தில் நமக்கு மிகவும் பழக்கமான உறுப்பினர் அது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அந்தக் குடும்பத்தின் பெயர் ஆல்ககால். இந்த அத்தியாயத்தில் அந்த மூலக்கூறு பிறக்கும் இடத்திலிருந்து வண்டின் மூக்கு வரைக்கும் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

குடியிருப்பவர் யார்?

முதலில் வண்டைத் தெரிந்துகொள்வோம். ஏறத்தாழ மூன்றரை சென்ரிமீற்றர் நீளம், துருப்பிடித்த இரும்பின் நிறம், முன்னால் வளைந்து நீண்ட ஒரு மூக்கு. ஆணின் மூக்கின் மேல் தூரிகை போல ஒரு மயிர்க்கற்றை இருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. ஒரு வண்டைக் கையில் எடுத்தால் ஆணா பெண்ணா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெண் வண்டு மரத்தின் காயங்களிலும் வெடிப்புகளிலும் முட்டையிடுகிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் இருநூறு, முந்நூறு முட்டை இடும். சில நாளில் முட்டை பொரித்து, காலில்லாத வெண்மஞ்சள் புழு வெளிவந்து மரத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகிறது. வளர்ந்து முடிந்ததும் மரத்தின் தும்பையே சுற்றி முறுக்கிக் கூடு கட்டிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முட்டை வண்டாகிவிடும். அந்த வண்டு அதே மரத்தில் தங்கி அடுத்த தலைமுறைக்கு முட்டையிடவும் கூடும். வெளியே குருத்து வாடுவது கண்ணில் படும்போது உள்ளே பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

கருவண்டும் இதில் மறைமுகமாகக் கூட்டுச் சேர்கிறது. காண்டாமிருகத்தைப் போல் கொம்பு வைத்த அந்த வண்டு குருத்தின் அடியைத் துளைத்துச் சாறு குடிக்கும். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போலத் தெரிவது அதன் வேலை. அது திறந்துவைத்த வாசல் வழியே செவ்வண்டு குடியேறுகிறது.

ஆக, செவ்வண்டுக்குத் தேவை திறந்த ஒரு காயம். காயத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மரத்தின் காயத்துக்குள் எட்டிப் பார்ப்பது கடினம். ஆனால் அதே வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது: கள்ளு முட்டி.

ஒரு முட்டியின் கதை

கள்ளுச் சீவுவதும் மரத்தில் ஒரு காயம் செய்வதுதான். தென்னம்பாளையைக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைத் தினமும் மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள். வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக முட்டியில் விழுகிறது. சொட்டும் அந்த நேரத்தில் அது வெறும் இனிப்பு நீர். அதைக் கருப்பநீர் என்றும் பதநீர் என்றும் சொல்கிறோம். நுகர்ந்து பார்த்தால் மணம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. நாக்கில் வைத்தால்தான் இனிப்பு தெரியும்.

ஒரு லீற்றர் கருப்பநீரை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 150 கிராம் சீனி கரைந்திருக்கும். ஒரு பெரிய குவளை தேநீருக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டாலும் இந்த அளவு இனிப்பு வராது. நாம் கடையில் வாங்கும் அதே கரும்புச் சீனிதான் இதிலும் பெரும்பகுதி.

இந்தச் சீனியைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மதுவம் என்ற ஒற்றைக்கல உயிர் அது. பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். காற்றில் வருகிறது, பூச்சிகளின் காலில் ஒட்டி வருகிறது, கழுவிய முட்டியின் சுவரிலும் மிச்சம் இருக்கிறது. சாறு விழத் தொடங்கிய சில மணி நேரத்தில் முட்டியில் நுரை தெரியும். காது கொடுத்தால் சீறல் கேட்கும்.

அங்கே நடப்பதற்கு நொதித்தல் என்று பெயர். மதுவம் சீனியை உடைத்து அதிலுள்ள சக்தியில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. உடைந்த துண்டுகள் இரண்டு பொருள்களாக வெளியே வருகின்றன. ஒன்று எதனோல். மற்றது காபனீரொட்சைட்டு என்ற வாயு.

150 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 80 கிராம் எதனோல், 77 கிராம் காபனீரொட்சைட்டு. சீனி உடையும்போது கொஞ்சம் தண்ணீரும் அதோடு சேர்வதால் கூட்டுத்தொகை 150-ஐச் சற்றுத் தாண்டுகிறது. 77 கிராம் என்பது சிறிய எண் போலத் தெரியும். ஆனால் புத்தளத்து வெயிலில் அந்த வாயு 40 லீற்றருக்கும் மேல் இடம் பிடிக்கும். ஒரு லீற்றர் சாற்றுக்குள்ளிருந்து நாற்பது லீற்றர் வாயு! கள்ளு ஏன் அப்படிப் பொங்குகிறது, இறுக்கி மூடிய கள்ளுப் போத்தல் ஏன் வெடிக்கிறது என்பதற்கு இந்த ஓர் எண்ணே பதில்.

80 கிராம் எதனோல், கன அளவில் பார்த்தால் பத்து வீதம். நடைமுறையில் சீனி முழுவதும் அற்ககோலாகி முடிவதில்லை. அதனால் கள்ளில் இருப்பது பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு வீதம்.

முட்டியை அப்படியே ஓரிரு நாள் விட்டுவிட்டால் அடுத்த கூட்டம் வரும். இவை பற்றீரியாக்கள். மதுவம் கழிவாக விட்ட எதனோல்தான் இவற்றுக்கு உணவு. காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு எதனோலை எரித்து அசற்றிக்கமிலமாக்குகின்றன. நம் சமையலறையில் இருக்கும் தென்னை வினாகிரி அப்படிப் பிறந்ததுதான்.

காலையில் இனிப்பு, மாலையில் கள்ளு, நாள் கடந்தால் வினாகிரி. வேலியோரத்து மரத்தின் காயத்திலும் இதே வரிசைதான் நடந்திருக்கிறது. அங்கே முட்டி இல்லை, நார்களுக்கு நடுவே ஊறும் சாறு மட்டும் இருக்கிறது. சிந்திய சீனியை மதுவம் எங்கே கண்டாலும் செய்யும் வேலை ஒன்றே.

சீனிக்கு வாய் கிடையாது

இங்கே ஒரு கேள்வி. கருப்பநீரில் சீனி அவ்வளவு இருந்தும் அது மணக்கவில்லை, கள்ளு மணக்கிறது. ஏன்?

மணம் என்பது காற்றில் வந்து மூக்கைத் தொடும் மூலக்கூறு. தொட வேண்டுமானால் முதலில் அது திரவத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். சீனி மூலக்கூறு பெரியது. தன்னைச் சுற்றிலும் தண்ணீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் அதற்கு நிறைய. அதனால் கரைசலை விட்டு எழும்பவே எழும்பாது. சீனியை நாம் மூக்கால் அறிவதே இல்லை, நாக்கால்தான் அறிகிறோம். வண்டுக்கும் அப்படியே. நூறு மரத்துக்கு அப்பால் சிந்திக் கிடக்கும் சீனி தன்னைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சீனிக்கு வாய் கிடையாது.

எதனோலுக்கு இருக்கிறது. அதன் உருவத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு காபன் அணுக்கள் ஐதரசனைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. இது எண்ணெயின் இனம், தண்ணீரோடு ஒட்டாது. மறுமுனையில் ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த சின்னக் கொக்கி ஒன்று. இது தண்ணீரின் இனம். நீர்க்கொக்கி என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணெய் உடலும் அதில் ஒரு நீர்க்கொக்கியும் இருந்தால் அதுதான் எளிய அற்ககோல்.

கொக்கி இல்லாமல் இரண்டு காபன் உடல் மட்டும் இருந்தால் அது எதேன் என்ற வாயு. பூச்சியத்துக்குக் கீழே 89 பாகையிலேயே கொதித்துவிடும். ஒரே ஒரு கொக்கியைச் சேர்த்ததும் கொதிநிலை 78 பாகை செல்சியசுக்கு ஏறிவிடுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொக்கியால் பிடித்துக்கொள்வதால் எளிதில் பிரிவதில்லை. ஆனாலும் தண்ணீரின் 100 பாகையை அது எட்டவில்லை. பிடி இருக்கிறது, இறுக்கம் குறைவு. கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடிக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான். சூடேறும்போது தண்ணீரைவிட எதனோல் முந்திக்கொண்டு ஆவியாகிறது.

கொக்கியின் பிடியைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளி ஆய்வுகூடத்தில் 50 மில்லிலீற்றர் தண்ணீரையும் 50 மில்லிலீற்றர் தூய எதனோலையும் அளந்து ஒன்றாக ஊற்றிப் பாருங்கள். 100 வராது. 96, 97-க்குள் நின்றுவிடும். எதுவும் சிந்தவில்லை. இரண்டு மூலக்கூறுகளும் கொக்கி போட்டு நெருங்கி நின்றுகொண்டன, அவ்வளவுதான்.

தண்ணீரோடு இப்படி எந்த அளவிலும் கலக்கும். அதனால் மரத்தின் ஈரச் சாற்றில் அது தாராளமாகத் தங்கும். சிறிய உடல் என்பதால் வெயில் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக் காற்றில் போகவும் செய்யும். தங்கவும் தெரியும், கிளம்பவும் தெரியும் என்ற இந்த இரட்டைக் குணமே அதைத் தூது போக ஏற்றதாக்குகிறது. மதுவத்தின் கைக்கு வந்ததும் ஊமைச் சீனிக்கு வாய் முளைத்துவிடுகிறது.

மதுவத்தின் கணக்கு

மதுவம் யாருக்கும் தூது அனுப்ப இதைச் செய்யவில்லை. பிறகு எதற்கு? கணக்குப் பார்த்தால் மதுவம் நட்டப்படுவது போலத்தான் தெரியும். ஒட்சிசனைக் கொண்டு சீனியை முழுவதும் எரித்தால் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட நொதித்தலில் கிடைக்காது. மிச்சச் சக்தி எதனோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காற்று நன்றாகப் படும் இடத்தில்கூட, சீனி நிறைய இருந்தால் மதுவம் எதனோலைத்தான் முதலில் செய்கிறது. ஏன் இந்தச் செலவு?

பதில், அந்த இரட்டை உருவத்தில் இருக்கிறது. உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புத் தோல் ஒன்று மூடியிருக்கிறது. எண்ணெய் உடல் இருப்பதால் எதனோல் அந்தத் தோலுக்குள் நுழைந்துவிடும். நீர்க்கொக்கி இருப்பதால் உள்ளிருக்கும் புரதங்களின் மடிப்புகளைக் குலைத்துவிடும். கொவிட் காலத்தில் நாம் கையில் ஊற்றித் தேய்த்த கிருமிநீக்கி செய்ததும் இந்த வேலையைத்தான். மதுவம் இந்த ஆயுதத்தை நமக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. சீனி நிறைந்த ஒரு சொட்டுச் சாறு என்பது எல்லா நுண்ணுயிரும் போட்டிபோடும் பந்தி. மதுவம் வேகமாக அதை எதனோலாக்கிவிட்டால் பெரும்பாலான போட்டியாளர்கள் விலகிவிடுவார்கள். மதுவத்துக்கும் அது நஞ்சுதான். ஆனால் மற்றவர்களைவிட அதிகமாகத் தாங்கும்.

சீனி தீர்ந்ததும் மதுவம் தன் வழியை மாற்றிக்கொள்கிறது. ஒட்சிசன் கிடைத்தால், தானே செய்து வைத்த எதனோலை உணவாக எடுத்துக்கொள்கிறது. முன்பு வீணாக்கியது போலத் தெரிந்த சக்தி உண்மையில் வைப்பில் கிடந்திருக்கிறது. பந்தியில் மற்றவர் தொடாதபடி உணவில் காரத்தை அள்ளிப் போட்டுவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல.

ஊர் முழுக்கக் கேட்கும் சேதி

ஆனால் எதனோல் காற்றில் பறக்கும் பொருள். மதுவம் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் கொஞ்சம் வெளியே போய்விடும். போனது, கேட்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேட்கும். “இங்கே சீனி இருக்கிறது, அதை மூடியிருந்த தோல் கிழிந்திருக்கிறது.”

கள்ளு முட்டியை இறக்கிப் பார்த்தால் ஈயும் தேனீயும் எறும்பும் மிதக்கும். பழ ஈ அழுகிய பழத்தைத் தேடி வருவதும் நொதித்தலின் மணத்தைப் பிடித்துத்தான். மலேசியக் காடுகளில் பெர்த்தம் என்ற பனைக்குடும்பச் செடி ஒன்று உண்டு. அதன் பூந்தேன் பூவிலேயே நொதித்து, சில சமயம் 3.8 வீத அற்ககோல் வரை போகிறது. அணிலைப் போல் தோன்றும் மூஞ்சூறு அளவு விலங்கு ஒன்று இரவுதோறும் வந்து அதைக் குடிக்கிறது; குடித்தும் தள்ளாடுவதில்லை. 2008-இல் இதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த விலங்கு மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோகவும் செய்கிறது. பனையும் மதுவமும் விலங்கும் ஒரே மூலக்கூறை வைத்து நடத்தும் கொடுக்கல் வாங்கல் அது.

செவ்வண்டும் இந்தச் சேதியைப் படிக்கத் தெரிந்த ஓர் உயிர். இலங்கையில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செவ்வண்டைக் கவரும் முக்கியமான பொருள்களில் எதனோல் ஒன்று என்று 1986-இலேயே இலங்கை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நொதிக்கும் சாற்றில் எதனோலோடு அதிலிருந்து பிறக்கும் வேறு இனிய மணப்பொருள்களும் சேர்ந்து எழுகின்றன. அவையும் வண்டை இழுக்கின்றன. ஆனால் வரிசையில் முதலில் நிற்பது எதனோல்தான்.

வண்டின் பக்கத்திலிருந்து யோசித்தால் இந்த மணத்தை நம்புவதற்கு நல்ல காரணம் உண்டு. நலமான மரம் மூடிய வீடு. நொதி மணம் எழும் மரத்தில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே திசு இளகியிருக்கிறது, புழுவுக்கு வழி இருக்கிறது. மாம்புரியின் காற்று அந்த மணத்தை ஒரு நூல் போல இழுத்துக்கொண்டு போகும். வண்டு அந்த நூலைப் பிடித்துக் காற்றுக்கு எதிராகப் பறந்து வந்தால் நூலின் முனையில் காயம் இருக்கும்.

பெரிய உறவுக்காரர்

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒரு காயத்துக்கு ஒன்றிரண்டு வண்டு வந்திருக்கும். ஆனால் வருவது கூட்டம். அதற்குக் காரணம் இன்னோர் அற்ககோல்.

மரத்தை வந்தடைந்து தின்னத் தொடங்கிய ஆண் வண்டு தன் உடலிலிருந்து ஒரு மணத்தை வெளிவிடுகிறது. ஆணும் பெண்ணுமாக மற்ற வண்டுகள் அதை நோக்கி வருகின்றன. இப்படித் தன் இனத்தைச் சேர்த்துக் கூப்பிடும் மணத்தைக் கூட்டழைப்பு மணம் என்று சொல்லலாம். அந்த மணப்பொருளைக் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1993-இல் இனங்கண்டு வெளியிட்டார்கள். வண்டின் விலங்கியல் பெயரில் துருநிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருக்கிறது. அதிலிருந்தே மணத்துக்கும் ஃபெருஜினியோல் என்று பெயர் வந்தது.

உருவத்தில் இது எதனோலின் பெரிய உறவுக்காரர். எதனோலில் காபன் இரண்டு; இதில் பத்து. ஒன்பது காபன் சங்கிலியாக நிற்க, பத்தாவது பக்கக் கிளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் நடுவில் அதே நீர்க்கொக்கி, அதுவும் ஒன்றே ஒன்று. உடல் பெருத்ததும் குணம் மாறிவிட்டது. எண்ணெயின் பக்கம் கனத்துவிட்டதால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மெதுவாகவே ஆவியாகும். எதனோல் தாராளமாகச் செலவாகும் காசு. இது சிறுகச் சிறுகச் செலவாகும் தங்கம்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். எதனோலின் சேதியை ஈ, எறும்பு, மனிதன் என்று யாரும் படிக்கலாம். ஃபெருஜினியோல், தன் இனத்துக்கென்று வைத்துக்கொண்ட கடவுச்சொல். அந்த மூலக்கூறை வலக்கை, இடக்கை போல நான்கு விதமாகக் கோக்க முடியும். அணுக்கள் அவையே, கோக்கும் திசை மட்டும் வேறு. ஆண் செவ்வண்டு அதில் ஒரே ஒரு வடிவத்தைத்தான் செய்கிறது. அதற்கே வண்டுகள் வருகின்றன. வண்டின் உணர்கொம்பின் நுனி முட்டிபோல் தடித்திருக்கும். அதில் நுண்ணிய மயிர்கள், அவற்றுக்குள் மணத்தைப் பிடிக்கும் வாங்கிகள் என்ற புரதங்கள். ஃபெருஜினியோலுக்கென்றே அமைந்த வாங்கியை 2021-இல் சவூதி அரேபியாவில் நடந்த ஆய்வு அடையாளம் காட்டியது. பூட்டுக்குள் போகும் சாவி ஒன்றுதான்.

ஆய்வு சவூதியில் நடந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தென்னையோடு வாழ்ந்துவந்த இந்த வண்டு, 1980-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோட்டங்களை எட்டியது. 1990-களில் ஸ்பெயினுக்குப் போனது. புழு இருந்த மரங்களை அழகுக்காக வாங்கிக் கப்பலேற்றிய மனிதர்களே அதைத் தூக்கிச் சென்றார்கள். நம் ஊர்ப் புத்தளத்து வண்டின் உறவுகள் இன்று மத்தியதரைக் கடலோரமெங்கும் பனைகளைச் சாய்க்கின்றன.

வாளிக்குள் இரண்டு அற்ககோல்

சேதி தெரிந்துவிட்டால் பொய்ச் சேதியும் அனுப்பலாம். ஃபெருஜினியோலைத் தொழிற்சாலையில் செய்யும்போது நான்கு வடிவங்களும் கலந்தே பிறக்கின்றன. நல்ல வேளையாக, வேண்டாத மூன்றும் வண்டைத் துரத்துவதில்லை. அதனால் பிரித்தெடுக்கும் செலவு மிச்சம். 1995-இல் இலங்கையிலேயே இதைத் தொகுத்து வெளிக்களத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்தப் புத்தளம் மாவட்டத்து லுணுவிலவில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையமும், கேரளத்தின் காயங்குளத்தில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்தியக் கிளையும் செவ்வண்டு பற்றிப் பல்லாண்டுகளாக வேலை செய்கின்றன.

பொறி எளிமையானது. மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் வாளி. மேல்பகுதியில் வண்டு நுழையும் அளவுக்கு நாலைந்து ஓட்டை. வெளிச்சுவரில் சாக்குத் துணி. வழுக்காமல் ஏறி வர அது உதவும். மூடியின் உள்பக்கம் ஃபெருஜினியோல் நிரப்பிய சிறு பை தொங்கும். அடியில் தண்ணீர், அதில் நொதிக்கும் தீன்: கரும்புத் துண்டு, அன்னாசித் தோல், கள்ளு, கிடைப்பது எதுவானாலும் சரி.

மூடியைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அந்தப் புளித்த வாடை. கலங்கிய தண்ணீரில் துருநிற முதுகுகள் மிதக்கும். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கின் மயிர்க்கற்றையைப் பார்த்துப் பிரித்தால் ஆணைவிடப் பெண்ணே அதிகம் இருக்கும். முட்டையிடப் புறப்பட்ட பெண்கள் அவை. ஒரு பெண் அகப்பட்டால் இருநூறு முட்டை தோட்டத்துக்குள் போகாமல் நின்றது.

இந்தப் பொறியில் கற்க வேண்டிய பாடம், தீனும் பையும் சேர்ந்து வேலை செய்யும் விதம். தீனை மட்டும் வைத்தால் கொஞ்சம் வண்டு விழும். பையை மட்டும் தொங்கவிட்டால் அதுவும் குறைவுதான். இரண்டையும் சேர்த்தால் பிடிபடும் தொகை இரண்டின் கூட்டுத்தொகையை எளிதாகத் தாண்டும். “நம்மவர் இங்கே இருக்கிறார்கள்” என்று பெரிய அற்ககோல் சொல்ல, “சாப்பாடும் இருக்கிறது” என்று சிறிய அற்ககோல் சாட்சி சொல்கிறது. சாட்சி வற்றினால், அதாவது தீன் காய்ந்துவிட்டால், பொறியும் தளர்ந்துவிடும். தீனை அடிக்கடி மாற்றச் சொல்வது அதற்காகத்தான். பொறியை இளமரங்களுக்கு நடுவே மாட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதே மணம்தான். கூப்பிட்ட விருந்தாளிகள் எல்லோரும் வாளிக்குள் போவார்கள் என்பதற்கு உறுதி கிடையாது.

சுண்ணாம்பும் தாரும்

மறுபடி கள்ளு முட்டிக்கு வருவோம். கள்ளு வேண்டாம், கருப்பநீர்தான் வேண்டும் என்றால் சீவுகிறவர் என்ன செய்வார்? முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார். சுண்ணாம்பின் காரத்தன்மையில் மதுவம் தலையெடுக்காது. சீனி சீனியாகவே கீழே இறங்கும். பனங்கட்டிக்கும் தென்னை வெல்லத்துக்கும் அடிப்படையே அந்த ஒரு பூச்சுத்தான். அதைக் கண்டுபிடித்த நம் முன்னோர்களுக்கு மதுவம் என்று ஓர் உயிர் இருப்பது தெரியாது. ஆனால் நொதித்தலை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தென்னையின் காயத்துக்குத் தார் பூசச் சொல்வதும் இதே வேலைதான். சாறும் மதுவமும் சந்திக்க விடாதே. சந்தித்தாலும் அந்த மணம் வெளியே போக விடாதே. மட்டை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்ட வெட்டாமல் நாலடி விட்டு வெட்டச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. வெட்டுவாய் மரத்திலிருந்து தள்ளிப் போய்க் காய்ந்துவிடும். அங்கே முட்டையிட்டாலும் புழு குருத்தை எட்டாது. கருவண்டு துளைத்த குருத்தடியைச் சுத்தம் செய்து மூடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எவ்வளவு சீக்கிரம் மூட வேண்டும் என்பதற்கும் முட்டியே விடை சொல்லிவிட்டது. காலையில் விழுந்த சாறு மாலைக்குள் கள்ளாகிறது. மரத்தின் காயத்துக்கும் அதே கடிகாரம்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட காயம், இன்றிரவே காற்றில் பேசத் தொடங்கியிருக்கும்.

மாம்புரித் தோட்டத்தில் அந்த மரத்தை அதன்பிறகு வெட்டிப் பிளந்தார்கள். உள்ளே தும்பு கஞ்சி போலக் குழைந்து, நடுவே புழுக்கள் நெளிந்தன. அத்தனையையும் வெளியே எடுத்து எரித்தார்கள். பெரியவர் ஒரு தகர டப்பாவில் தாரும் பழைய தூரிகையும் எடுத்துக்கொண்டு மிச்ச மரங்களைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் குனிந்து நுகர்ந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே அவர் நடக்கத் தொடங்கினார். செவ்வண்டு வரும் வழியும் அதுதான்.